விவிலியம்: வாசிப்பும் வெட்டியெடுப்பும்

"நாங்கள் விவிலியத்துக்கு விளக்கம் சொல்வதில்லை, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்கிறோம்" என்று சொல்கிறவர்களோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. நூலை நம்புகிறவர்களோடு நமக்கு வழக்கில்லை, நம்பாதவர்களோடும் இல்லை. நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால் ஒரு பிரதியை வாசித்துவிட்டு, தாம் அதில் ஒன்றும் செய்யவில்லை, பிரதியே தம் வாய்வழி பேசிற்று என்று ஒருவர் சாதிப்பாரேயானால், வாசிப்பையும் கற்பித்தலையும் தொழிலாகக் கொண்ட நாம் வாளாவிருத்தல் தகாது. விளக்கம் இல்லாத வாசிப்பு என ஒன்று இல்லை. தன் முறையை வெளிப்படச் சொல்லும் விளக்கம் உண்டு. தன் முறையை மறைத்துக்கொள்ளும் விளக்கமும் உண்டு. வரலாற்றில் அதிகத் தீங்கு செய்தது இரண்டாவது என்பதே நமது வாதம்.

எல்லோரும் அறிந்த சான்று ஒன்றிலிருந்து தொடங்குவோம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் நாட்காட்டிகளிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் தவறாது இடம்பெறும் வசனம் யோபு 8:7. தொடக்கம் சிறிதாயினும் முடிவு மிகப் பெரிதாகும் என்னும் பொருளுடையது. கடைத் திறப்பு விழாவுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் பொருத்தமான வரி என்பதில் ஐயமில்லை. ஆனால் யோபு நூலில் அதைச் சொல்பவர் யார்? கடவுள் அல்லர், தீர்க்கதரிசி அல்லர், யோபுவும் அல்லர். பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்து, உடலெங்கும் புண்ணோடு சாம்பலில் அமர்ந்திருக்கும் ஒருவனிடம், உன் பிள்ளைகள் செய்த பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று மூன்று வசனங்களுக்கு முன்னால் கூசாமல் சொல்லிக் காட்டிய பில்தாத் என்னும் நண்பர் அவர். நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுள், எலிப்பாசையும் அவருடைய நண்பர் இருவரையும் நோக்கி, நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று சினந்துரைக்கிறார். அதாவது, எந்த நூல் தன் முடிவில் தவறென்று தள்ளிவிட்டதோ, அந்தத் தரப்பின் வாயிலிருந்து எடுத்த வரி, அதே நூலின் பெயரால் கடவுளின் வாக்குறுதியாகச் சுவரில் தொங்குகிறது. சகுனியின் வசனமொன்றைப் பாரதத்தின் உபதேசமென்று பாடப்புத்தகத்தில் சேர்த்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இன்னொன்று எரேமியா 29:11. உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, நன்மைக்கானவை என்னும் பொருளில் வரும் வரி. இதைத் தேர்வெழுதும் பிள்ளைக்கும் வேலை தேடும் இளைஞனுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். அது ஒரு கடிதத்தின் பகுதி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதப்பட்ட கடிதம். அதற்கு முந்தைய வசனத்தில் 70 ஆண்டுக் கணக்கு வருகிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த நன்மையைக் கண்ணால் காணப் போவதில்லை என்பதே அதன் பொருள். அதற்கு முந்தைய அதிகாரத்திலேயோ, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று இனிக்க இனிக்கப் பேசிய அனனியா என்னும் தீர்க்கதரிசியோடு எரேமியா மோதுகிறார். உடனடி நன்மையை எதிர்பார்க்காதீர்கள், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பகைவரின் நகரத்துக்காகவும் வேண்டுங்கள் என்று சொல்ல எழுந்த கடிதம், இன்று உடனடி நன்மைக்கான உத்தரவாதச் சீட்டாகிவிட்டது. இதுதான் 'எழுதியிருக்கிறபடியே' வாசிக்கும் இலட்சணம்!

இப்படி வெட்டியெடுப்பதற்கு வசதியாக அமைந்த கத்தி எது? வசன எண். இன்று நாம் காணும் அதிகாரப் பிரிப்பு, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் கற்பித்துப் பின் காண்டர்பரிப் பேராயரான ஸ்டீபன் லாங்டனோடு தொடர்புபடுத்தப்படுவது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் ராபர்ட் எஸ்தியென் என்னும் அச்சகத்தார் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் முதன்முதலாக வந்தவை. பவுல் தம் கடிதங்களை எண் போட்டு எழுதவில்லை. இடம் சுட்டுவதற்காக அச்சகத்தார் ஏற்படுத்திய வசதி, நாளடைவில் ஒவ்வொரு வசனமும் தனித்து நிற்கும் ஓர் ஆணை என்னும் மயக்கத்தை உண்டாக்கிவிட்டது. கதையும் பாட்டும் கடிதமும் சட்டமும் பழமொழியும் புலம்பலும் ஒரே எண் வரிசையில் அடுக்கப்பட்டவுடன், அவற்றுக்கிடையேயான வேறுபாடு கண்ணுக்குப் படாமல் போயிற்று. அகப்பாடலொன்றைப் படித்துவிட்டுத் தலைவனின் ஊரையும் பேரையும் விசாரிக்கக் கிளம்புகிறவனைப் பார்த்து நகைப்பவர்கள் நாம். கூற்று யாருடையது, கேட்போர் யார், திணை எது, துறை எது என்று கேளாமல் ஒரு செய்யுளைத் தொடக்கூடாதென்பது நம் உரைமரபின் பாலபாடம். விவிலியத்துக்கு மட்டும் அந்தப் பாடம் செல்லாது என்று யார் விதித்தது?

*

'எழுதியிருப்பது' என்கிறார்களே, அது எது என்பதையும் சற்றுக் கேட்போம். தமிழில் நாம் படிப்பது மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் ஒரு விளக்கம். அட்டையிலேயே அது தொடங்கிவிடுகிறது. வேதாகமம் என்ற பெயர், வேதம், ஆகமம் என்னும் இரண்டு சொற்களின் எடையையும் நூலின்மேல் ஏற்றி வைக்கிறது. விவிலியம் என்ற பெயர் அதை இறக்கி வைக்கிறது. எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறிய நூலுக்குப் பழைய தமிழாக்கத்தில் யாத்திராகமம் என்று பெயர். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் விடுதலைப் பயணம் என்று பெயர். முன்னது யாத்திரை, பின்னது விடுதலை. முதல் வசனத்தைத் தொடுமுன்பே இரண்டு வேறு நூல்களின் வாசலில் நிற்கிறோம்.

ஏசாயா 7:14 அறிஞர் நெடுங்காலம் வழக்காடிய இடம். எபிரேயத்தில் உள்ள 'அல்மா' என்னும் சொல் இளம்பெண்ணைக் குறிப்பது. கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கன்னி என்று பொருள்படும் 'பார்த்தெனோஸ்' ஆக்கியது. மத்தேயு நற்செய்தி மேற்கோள் காட்டுவது கிரேக்க வழக்கையே. தமிழின் பழைய வேதாகமம் ஏசாயாவிலும் 'கன்னிகை' என்றே வைத்தது. திருவிவிலியமோ ஏசாயாவில் 'இளம்பெண்' என்றும் மத்தேயுவில் 'கன்னி' என்றும் வைத்தது. 1952இல் அமெரிக்காவில் திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பொன்று ஏசாயாவில் இளம்பெண் என்று போட்டதற்காக, அதன் பக்கத்தைப் பொதுமக்கள் முன் கொளுத்திய போதகரும் உண்டு. எழுதியிருக்கிறபடியே வாசிப்பதுதான் கொள்கையென்றால் எபிரேயத்தில் எழுதியிருந்ததைக் கொளுத்துவானேன்?

ரோமர் 16:7இல் யூனியா என்றொரு பெயர் வருகிறது. அப்போஸ்தலரிடையே பெயர்பெற்றவர் என்று பவுல் குறிப்பிடும் இருவரில் ஒருவர். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பேச்சாளரான யோவான் கிறிசோஸ்தோம் அவரைப் பெண் என்றே கொண்டு வியந்து பாராட்டினார். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அறிஞர் கையில் புழங்கிய கிரேக்கப் பதிப்பு, ஓர் அசைக்குறியை மாற்றி அதை 'யூனியாஸ்' என்னும் ஆண்பெயராக்கிற்று. தொன்மையான கையெழுத்துப் படிகளில் அந்தக் குறியே கிடையாது. பண்டைய ரோமில் யூனியா என்ற பெண்பெயர் ஏராளமாய்க் கிடைக்கிறது. யூனியாஸ் என்ற ஆண்பெயருக்குச் சான்று கிடைக்கவில்லை. ஒரு பெண் அப்போஸ்தலராக இருந்திருக்க முடியாது என்னும் முன்முடிவு, ஒரு சிறு கோட்டின் வடிவில் பிரதிக்குள் புகுந்துகொண்டது. 1998இல்தான் அப்பதிப்பு அவரை மீண்டும் பெண்ணாக்கியது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்த உ.வே.சா.வின் வழியில் வந்த நமக்கு இதன் கனம் புரியாமல் போகாது.

*

பழைய வாசகர்கள் எல்லோரும் எழுத்துக்கு எழுத்து வாசித்தவர்கள், நவீனர்கள் வந்துதான் குழப்பினார்கள் என்றொரு கதை சொல்லப்படுகிறது. உண்மை நேர்மாறானது. கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்னும் யாத்திராகமச் சட்டத்தை யூத ரபிகள் தால்மூதில் வைத்து நெடிய வாதம் செய்து, அதன் பொருள் இழப்பீட்டுத் தொகையே என்று முடித்தார்கள். 3ஆம் நூற்றாண்டின் ஓரிகன், சூரியன் படைக்கப்படுமுன் காலையும் மாலையும் எப்படி வந்தன, கடவுள் உழவனைப்போல் தோட்டம் போட்டார் என்று அறிவுள்ளவன் எவன் நம்புவான் என்று கேட்டு, உருவகப் பொருள் கொள்ளச் சொன்னார். அகுஸ்தீன் இன்னும் ஒரு படி மேலே போனார். வானத்தையும் பூமியையும் பற்றி ஒன்றும் அறியாமல் வேதத்தின் பெயரால் உளறும் கிறிஸ்தவர்கள் புறத்தார் நகைப்புக்கு ஆளாவார்கள் என்று எச்சரித்தார். அன்பை வளர்க்காத விளக்கம் வேதத்தைப் புரிந்துகொண்ட விளக்கமாகாது என்றும் அளவுகோல் வைத்தார். 1525ஆம் ஆண்டையொட்டி வெனிசில் தானியேல் பொம்பர்க் அச்சிட்ட எபிரேய விவிலியத்தின் பக்கத்தைப் பார்த்தால் தமிழாசிரியனுக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருக்கும். நடுவில் மூலம், சுற்றிலும் ராஷி முதலானோரின் உரைகள், ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு. மூலத்தை உரையின்றித் தனியே விடலாகாது என்னும் அடக்கம் அந்தப் பக்கத்தின் அமைப்பிலேயே தெரிகிறது.

எழுத்துக்கு எழுத்து பிழையற்றது என்னும் கோட்பாடு இன்றைய கூர்மையான வடிவத்தில் நவீன காலத்து மறுவினையே. 1910க்கும் 1915க்கும் இடையில் அமெரிக்காவில் வெளியான அடிப்படைகள் என்னும் கட்டுரைத் தொகுதிகளும், 1978ஆம் ஆண்டின் சிகாகோ அறிக்கையும் அதன் மைல்கற்கள். பழமையின் காவலராகத் தம்மைக் காட்டிக்கொள்வோர் கையிலிருக்கும் சாவி அண்மையில் செய்தது.

*

இதெல்லாம் புலவர்களின் வாய்ச்சண்டை, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு 1807ஆம் ஆண்டைக் காட்டுவோம். பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்கென்று தேர்ந்தெடுத்த பகுதிகள் என்ற அறிவிப்போடு இலண்டனில் அவ்வாண்டு ஒரு விவிலியம் அச்சாயிற்று. 66 நூல்களில் 14 நூல்களின் பகுதிகளே அதில் உண்டு. அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு உத்தமனாக உழைத்து உயர்ந்த கதை இருக்கிறது. எகிப்திலிருந்து அடிமைகளை மோசே நடத்திச் சென்ற கதை இல்லை. யாத்திராகமம் அதில் சீனாய் மலையடிவாரத்தில்தான் தொடங்குகிறது. வேலைக்காரரே எசமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்னும் எபேசியர் பகுதி இருக்கிறது. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்னும் கருத்துடைய கலாத்தியர் பகுதி இல்லை. அச்சிட்டவர்கள் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, திரிக்கவில்லை. உள்ள வசனங்களெல்லாம் எழுதியிருக்கிறபடியேதான் இருந்தன. வெட்டியெடுப்பு எத்தனை தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டுமோ?

காம் மேல் விழுந்த சாபம் என்று சொல்லிக் கறுப்பின மக்களின் அடிமைத்தனத்தை நியாயப்படுத்தினார்களே, அந்த ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். நோவா சபிப்பது காமை அன்று, அவன் மகன் கானானை. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சபிப்பவர் கடவுளும் அல்லர். குடித்து மயங்கித் தெளிந்த ஒரு மனிதர். அடிமையாய்ப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இந்த வாதத்தை அதன் சொந்தக் கணக்கைக் கொண்டே கவிழ்த்தார். வெள்ளைக்கார எசமானர்களுக்கு அடிமைப் பெண்களிடம் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கும்போது, காமின் வழிவந்தோர் மட்டுமே அடிமைகளாகத் தக்கவர் என்னும் விதி இனி யாருக்குப் பொருந்தும் என்பதே அவர் கேள்வி.

அமெரிக்கக் கறுப்பின இறையியலரான ஹவர்ட் தர்மன், 1949இல் எழுதிய நூலொன்றில் தம் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். அடிமையாயிருந்தவர், எழுத்தறியாதவர். பேரனை விவிலியம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஆனால் பவுலின் கடிதங்களை மட்டும், அன்பைப் பற்றிய ஓர் அதிகாரம் நீங்கலாக, வாசிக்க விடமாட்டார். எசமானின் போதகர் வரும்போதெல்லாம் அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற பவுலின் வரியையே பிரசங்கித்ததுதான் காரணம். விடுதலை வந்தால் அந்தப் பகுதியை வாசிப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையாருக்கு, யார் வாயிலிருந்து எந்த வரி எதற்காக வருகிறது என்னும் விளக்கவியலின் முதற்கேள்வி தெரிந்திருந்தது. நூலகம் நிறையப் படித்த போதகருக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் மறைத்தார்.

ரோமர் 13 இன்னொரு சாட்சி. அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் அந்தப் பகுதியைத் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் ஆதரவாளர்கள் கேடயமாக்கினர். அங்கிருந்த டச்சு சீர்திருத்தச் சபை 1974இல் வெளியிட்ட அறிக்கையில் பாபேல் கோபுரக் கதை இனங்கள் பிரிந்து வாழ்வதற்கான ஆதாரமாயிற்று. 1985இல் அந்நாட்டு இறையியலர் பலர் சேர்ந்து வெளியிட்ட கைரோஸ் ஆவணம் இதற்கு விடை கூறியது. பவுல் எழுதியது ரோமாபுரியிலிருந்த ஒரு சிறு குழுவுக்கு, ஒரு குறிப்பிட்ட சூழலில். எல்லாக் கொடுங்கோலுக்கும் அது முன்கூட்டி எழுதிக் கொடுத்த ஒப்புதல் அன்று. அதே ரோமப் பேரரசை வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரம் மிருகமாகக் காட்டுகிறது. ஒரே புதிய ஏற்பாட்டின் இரண்டு பதின்மூன்றாம் அதிகாரங்களில் ஒன்றை மட்டும் வாசிப்பவர், மற்றதை ஏன் விட்டார் என்று சொல்லியாக வேண்டும். பழங்கதை என்று இதைத் தள்ளவும் முடியாது. எல்லை தாண்டி வந்தோரின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த நடவடிக்கை கண்டனத்துக்கு உள்ளானபோது, 2018 ஜூனில் அமெரிக்காவின் அன்றைய தலைமைச் சட்ட அதிகாரி ஜெஃப் செஷன்ஸ் துணைக்கழைத்தது இதே ரோமர் 13ஐத்தான்.

*

அப்படியானால் வரலாற்றுத் திறனாய்வே வழி என்று முடித்துவிடலாமா? அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதில் மறுப்பில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் செடிகொடி, விலங்கு, பிறகு மனிதர் என்ற வரிசை. இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், பிறகு மரங்கள், விலங்குகள், பெண். வெள்ளக் கதையில் ஓரிடத்தில் எல்லா உயிரும் ஒவ்வோர் இணை. வேறோரிடத்தில் சுத்தமானவை எவ்வேழு. இவற்றைக் கண்மூடிக் கடக்காமல், 1753இல் ழான் அஸ்த்ருக்கும் 1878இல் வெல்லவுசனும், பல மூலங்கள் பின்னப்பட்ட நூல் இது என்று வாதித்தனர். வெல்லவுசனின் நான்கு மூலக் கொள்கை 1970களுக்குப் பின் கடுமையான திருத்தங்களுக்கு உள்ளாகிவிட்டது. ஆயினும் நூல் ஒரே கையால் ஒரே மூச்சில் எழுதப்பட்டதன்று என்பது நிலைத்துவிட்டது.

ஆனால் இம்முறைக்கும் ஒரு நோய் உண்டு. பிரித்தறியப் புகுந்தவர் சேர்த்துப் பார்க்க மறந்துவிடுவார். யோசேப்பின் கதைக்கு நடுவே 38ஆம் அதிகாரத்தில் யூதா, தாமார் கதை குறுக்கிடுகிறது. இடைச்செருகல் என்று பலரும் ஒதுக்கியதை ராபர்ட் ஆல்ட்டர் 1981இல் எழுதிய நூலில் எடுத்து நிறுத்தினார். வெள்ளாட்டின் இரத்தம் தோய்ந்த அங்கியைக் காட்டி, இது யாருடையதென்று அடையாளம் பாருங்கள் என்று தந்தையை ஏமாற்றிய சகோதரருள் ஒருவன் யூதா. அடுத்த அதிகாரத்தில் வெள்ளாட்டுக் குட்டி ஒன்றை விலையாகப் பேசி ஏமாறுபவன் அவனே. அவனிடமிருந்து பெற்ற பொருள்களைக் காட்டித் தாமார் கேட்பதும், எபிரேயத்தில் முன்பு வந்த அதே சொற்களால்தான். இந்த ஒப்புமையைப் பழைய ரபிகள் முன்பே கண்டிருந்தார்கள் என்பதையும் ஆல்ட்டர் ஒளிக்கவில்லை. பிரதியின் சொல்லை உன்னிப்பாய்ப் பார்ப்பவருக்கு உரையாசிரியரும் நவீன விமரிசகரும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுவது கேட்கும். துண்டாக்கும் கத்தி பக்தர் கையில் இருந்தாலென்ன, பேராசிரியர் கையில் இருந்தாலென்ன?

*

இனி மறுதரப்பு. நம் பகுத்தறிவு நண்பர்கள் சிலர் விவிலியத்தை மறுக்கும் முறை, அவர்கள் மறுக்கும் பிரசங்கியின் முறையேதான். பகைவரின் குழந்தைகளைக் கல்லில் மோதுபவன் பேறுபெற்றவன் என்னும் கருத்துடைய வரியைச் சங்கீதம் 137இலிருந்து எடுத்துக்காட்டி, இதுதான் உங்கள் கடவுளின் அறம் என்று முழங்குகிறார்கள். அது சட்டமா? அது, நகரம் எரிந்து, நாடிழந்து, ஆற்றங்கரையில் அமர்ந்து அழுபவர்களின் புலம்பல். வென்றவர்கள் தம்மைப் பாடச் சொல்லிக் கேலி செய்தபோது எழுந்த வன்மம். அந்த வன்மத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் கட்டளை என்று வாசிப்பவருக்குக் கவிதை வாசிக்கத் தெரியவில்லை என்றே சொல்வோம். நியாயாதிபதிகள் 19இல் ஒரு பெண் கூட்டுவன்முறைக்கு ஆளாகித் துண்டாடப்படுகிறாள். நூல் அதைப் போற்றவில்லை. அரசன் இல்லாத அக்காலத்தில் அவரவர் மனம்போனபடி நடந்தார்கள் என்று கசப்போடு முடிக்கிறது. வசனத்தைப் பிடுங்கித் தொழுவதும் வசனத்தைப் பிடுங்கித் தூற்றுவதும் ஒரே பயிற்சிக்கூடத்துப் பாடங்கள்.

மறுப்பது எப்படி என்பதற்கு நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர். பின்னர் 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதிப் பாதிரிமாரை எதிர்த்தபோது, வசனமொன்றைப் பிடுங்கிக் கேலி பேசுவதோடு அவர் நிற்கவில்லை. கோயிலையும் விளக்கையும் தூபத்தையும் சுத்தி விதிகளையும் பழித்தவர்களிடம், உங்கள் பழைய ஏற்பாட்டில் விரிவாக விதிக்கப்பட்டிருப்பவை இவையல்லவா என்று நூலின் வழிபாட்டுப் பகுதிகளையே எடுத்து வைத்தார். அவர் முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் வேறு. முழுநூலையும் கற்றபின் எதிர்த்தவர் அவர். அந்த உழைப்பில் பத்திலொரு பங்கும் இன்றிச் சண்டைக்கு வருகிறவர்களை என்னென்பது?

*

முறை என்பது எண்ணற்ற கருவிகளின் பெயர். அவற்றுள் ஒன்று, வாசிப்பவர் எங்கே நிற்கிறார் என்னும் கேள்வி. குஸ்தாவோ குத்தியேரெஸ் 1971இல் விடுதலை இறையியலை எழுதியபோது இலத்தீன் அமெரிக்க ஏழையின் இடத்திலிருந்து யாத்திராகமத்தை வாசித்தார். பில்லிஸ் டிரிபிள் 1984இல் ஆகாரையும் தாமாரையும் யெப்தாவின் மகளையும் பெயரில்லாத அந்தப் பெண்ணையும் நடுவில் வைத்து, பயங்கரத்தின் பிரதிகளாக அவர்தம் கதைகளை வாசித்தார். 1981இல் பெங்களூரில் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியலை வளர்த்தெடுத்த அரவிந்த் நிர்மல், அலைந்து திரிந்த மூதாதையை அறிக்கையிடும் உபாகமம் 26ஐ வேர் தேடும் மக்களின் பக்கம் நின்று வாசித்தார்.

இந்தக் கேள்வி தமிழ் மண்ணுக்கு அந்நியமானதன்று. நெல்லைப் பகுதி வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட ஆலயம் இரண்டு சாதியாருக்கென இரண்டு கிளைகளாக, நடுவே சுவரோடு அமைந்தது. அந்தச் சுவர் இடிபட 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு கிளைக்கும் பொது வேதம் ஒன்றுதான். சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டவனுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டவனுக்கும் அது ஒரே பொருளைத் தந்திருக்குமா?

ஆயினும் ஒடுக்கப்பட்டோர் வாசிப்பு என்பதனாலேயே அது கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. அமெரிக்கப் பழங்குடியினரான ஓசேஜ் இனத்து அறிஞர் ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் ஒரு கேள்வி எழுப்பினார். எகிப்தை விட்டு வந்தவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டில் ஏற்கெனவே வாழ்ந்த கானானியரின் இடத்திலிருந்து இக்கதையை வாசித்தால் என்ன ஆகும்? ஒருவரின் விடுதலை இன்னொருவரின் நிலப்பறிப்பாகிறதே? விடுதலை இறையியல் விரைந்து கடந்த பக்கங்கள் அவை. இக்கேள்வியைக் கேட்க வைத்ததும் முழுநூலை வாசிக்கும் முறையே. தன் தரப்புக்கு வசதியான இடத்தில் நூலை மூடாமல் யோசுவா நூல் வரைக்கும் போகும் துணிவையே நாம் வாசிப்பு என்கிறோம்.

விவிலியத்தின் பெயரால் ஒன்றைச் சொல்ல வருகிற எவரிடமும், அவர் பீடத்தில் நின்றாலும் மேடையில் நின்றாலும், சில கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். இந்தக் கூற்று யாருடையது, யாரிடம் சொல்லப்பட்டது? இது பாட்டா, சட்டமா, கடிதமா, கதையா? எந்தப் பாடத்தை, எந்த மொழிபெயர்ப்பைக் கொண்டீர்? முன்னும் பின்னும் உள்ளதை ஏன் விட்டீர்? நீர் சொல்லும் பொருளால் சுமை யார் தோளில் ஏறுகிறது? இவற்றுக்கு விடை சொல்பவரோடு நாம் முரண்படலாம், சேர்ந்தும் நடக்கலாம். விடை சொல்ல மறுத்து, நான் விளக்கவில்லை, எழுதியிருப்பதைச் சொல்கிறேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவரிடம், 1807ஆம் ஆண்டின் அந்த மெலிந்த விவிலியத்திலும் எழுதியிருந்ததுதான் இருந்தது என்பதை நினைவூட்டுவோம்.